பனிமேல் குருதி: ‘30 டேஸ் ஆஃப் நைட்’ (2007) திரைப்படத்தில் வாம்பயர் அச்சத்தின் ஆக்கம்

ஆய்வுச் சுருக்கம்

உடற்சிதைவையும் குருதிப்பெருக்கையும் மறைக்காமல் காட்டும் முறை இக்கட்டுரையில் ‘குருதிக்கோரம்’ எனப்படுகிறது. டேவிட் ஸ்லேட் இயக்கத்தில் 2007ஆம் ஆண்டு வெளிவந்த ‘30 டேஸ் ஆஃப் நைட்’ என்னும் அமெரிக்கத் திரைப்படம் இம்முறையைக் கையாண்ட விதத்தை இக்கட்டுரை ஆராய்கிறது. வரைகதையிலிருந்து திரைக்கு வந்தபோது நேர்ந்த மாற்றங்கள், நிறம், படச்சட்டம், ஒப்பனை, வாம்பயர்களுக்கென ஆக்கப்பட்ட மொழி ஆகியன நோக்கப்படுகின்றன. இப்படத்தில் சிந்தப்படும் குருதியின் அளவும் அது பெறும் கனமும் எதிரெதிராகச் செல்கின்றன என்பது கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: வாம்பயர், குருதிக்கோரம், வரைகதை, மெய்ப்பாடு, ஆக்கமொழி.

முன்னுரை

குருதிக்கோரத் திரைப்படங்கள் ஆய்வுலகில் பெரும்பாலும் இரண்டு வகையாக ஒதுக்கப்படுகின்றன. மலிவான கிளர்ச்சி என்று தள்ளிவிடுவது ஒன்று. சமூக நோயின் குறியீடு என்று உயர்த்திவிட்டுப் படத்தையே பார்க்காமல் விடுவது மற்றொன்று. இரண்டாவது வகை, மதிப்பளிப்பதுபோல் தோன்றினும், முதல் வகையைவிடக் கூடுதலான தீங்கு செய்கிறது. திரையில் ஒரு தலை துண்டிக்கப்படும்போது அது எதன் குறியீடு என்று கேட்பதற்குமுன், அத்துண்டிப்பு எங்கிருந்து, எவ்வளவு நேரம், எந்த நிறத்தில், யாருடைய கையால் நிகழ்த்திக் காட்டப்படுகிறது என்று கேட்க வேண்டும். ஆக்கமுறையைப் பற்றிய இவ்வினாக்களே இங்கு முதன்மை பெறுகின்றன.

சொல்லும் சிக்கலும்

தமிழில் ‘வாம்பயர்’ என்பதற்கு ‘இரத்தக் காட்டேரி’ என எழுதுவது வழக்கமாகிவிட்டது. இவ்வழக்கு ஆய்வெழுத்துக்குப் பொருந்தாது. காட்டேரி தமிழகத்து நாட்டார் வழிபாட்டில் படையல் பெறும் தெய்வம். கயானா, டிரினிடாட் ஆகிய நாடுகளுக்குக் கூலித்தொழிலாளர்களாகச் சென்றோரின் வழித்தோன்றல்களிடமும் அவ்வழிபாடு நிலைத்திருக்கிறது. வேண்டுதலும் நேர்த்திக்கடனும் உடைய ஒரு தெய்வத்தின் பெயரை, கிழக்கு ஐரோப்பியப் பிணநம்பிக்கையிலிருந்து ஆங்கிலப் புதினத்தின் வழியாகத் திரைக்கு வந்த உருவத்துக்கு இடுவது இரண்டையும் மங்கச் செய்யும். காட்டேரிக்கு இறைஞ்சலாம், அவள் இரங்கவும் கூடும். இப்படத்தின் வாம்பயர் இறைஞ்சலைக் கேட்டு என்ன செய்கிறது என்பது பின்னர்க் காணப்படும். ஆகவே இங்கு ‘வாம்பயர்’ என்ற ஒலிபெயர்ப்பே ஆளப்படுகிறது.

திரை தந்த விதி

பகலொளி பட்டால் வாம்பயர் அழியும் என்பது இன்று அனைவரும் அறிந்த விதி. ஆயினும் பிராம் ஸ்டோக்கர் 1897இல் வெளியிட்ட ‘டிராகுலா’ புதினத்தில் அவ்விதி இல்லை. அங்கே டிராகுலா பகலில் லண்டன் தெருவில் நடக்கிறான். பகலில் அவன் ஆற்றல் குறையுமேயன்றி உயிர் போவதில்லை. எஃப். டபிள்யூ. முர்னோவின் ‘நோஸ்ஃபெராட்டு’ (1922) என்ற ஜெர்மானிய ஊமைப்படமே விடியலொளியில் வாம்பயர் மறைந்தழிவதைக் காட்டி அவ்விதியை நிலைநாட்டியது. ஒளியைக்கொண்டே உருவாகும் ஒரு கலை தன் அரக்கனுக்கு ஒளியையே எமனாக விதித்தது பொருத்தமானதே.

‘30 டேஸ் ஆஃப் நைட்’ கதையின் முழுக் கட்டுமானமும் இவ்விதியின்மேல் நிற்கிறது. ஒளி கொல்லுமாயின், ஒளியே இல்லாத ஊர் வாம்பயருக்கு விருந்துக்கூடம் ஆகும். அவ்வூராக அலாஸ்காவின் வடகோடியிலுள்ள பேரோ தேர்ந்தெடுக்கப்பட்டது. வடக்கு அட்சரேகை 71 பாகைக்கு அப்பால் உள்ள இவ்வூரில் நவம்பர் நடுவிலிருந்து சனவரி பின்பகுதி வரை ஏறத்தாழ 65 நாள் சூரியன் எழுவதில்லை. படம் அதை 30 நாளாகச் சுருக்கிக்கொள்கிறது, காரிருளாகவும் ஆக்கிக்கொள்கிறது. உண்மையில் ஆழ்குளிர்காலத்து நண்பகலில்கூடச் சூரியன் தொடுவானுக்குக் கீழே 5 பாகைக்குள்தான் நிற்கும். எனவே நாள்தோறும் சில மணிநேரம் அந்திபோன்ற மங்கலொளி அங்கு இருக்கும். அம்மங்கலொளியை விட்டுவிட்டது பிழையன்று, தேர்வு. எனினும் ஓர் இழப்பும் உண்டு. நாள்தோறும் வருவதுபோல் வந்து வராமலே போகும் விடியல் அடுத்தடுத்த நாள்களை உணர்த்தியிருக்கும். அது இல்லாமையால் முப்பது நாள் என்பது திரையில் எழுத்தாக மட்டுமே வருகிறது. மறைந்திருப்போரின் பசியும் அலுப்பும் காலநீட்சியும் பார்வையாளருக்குப் போதிய அளவு எட்டுவதில்லை. படத்தின் பெருங்குறை இதுவே.

மற்றொரு விடுபடலுக்கு இவ்வாறு சமாதானம் கூற இயலாது. பேரோ இனுபியாட் மக்களின் ஊர். 2016இல் ஊர்மக்கள் வாக்களித்து ‘உட்கியாக்விக்’ என்ற தொல்பெயரை மீட்டுக்கொண்டனர். படத்தில் கொல்லப்படுவோரும் தப்புவோரும் பெரும்பாலும் வெள்ளையரே. ஊரின் இருளை எடுத்துக்கொண்டு ஊராரை வெளியே நிறுத்திய படம் இது. குருதி சிந்துவதற்குக்கூட அவர்களுக்கு இடம் தரப்படவில்லை.

வரைகதையிலிருந்து திரைக்கு

இக்கதையை ஸ்டீவ் நைல்ஸ் முதலில் திரைக்கதைக் கருவாகவே முன்வைத்தார்; வாங்குவார் இல்லை. பின்னர் பென் டெம்பிள்ஸ்மித்தின் ஓவியங்களோடு 2002இல் மூன்று இதழ்களாக ஐடிடபிள்யூ நிறுவனம் அதை வரைகதையாக வெளியிட்டது. அவ்வெற்றிக்குப் பின்னரே சாம் ரைமி, ராப் டேப்பர்ட் ஆகியோர் தயாரிப்பில் படமாயிற்று. திரைக்கதையில் நைல்சுடன் ஸ்டூவர்ட் பீட்டியும் பிரையன் நெல்சனும் பங்கேற்றனர். படப்பிடிப்பு நியூசிலாந்தில், பெரும்பாலும் ஆக்லாந்தில் நடந்தது. ஆர்க்டிக் பனியூர் தென்பசிபிக் நாட்டில் செயற்கையாக எழுப்பப்பட்டது. ஒளியையும் பனியையும் படக்குழுவே முற்றிலும் கட்டுப்படுத்த முடிந்ததற்கு இது காரணம்.

வரைகதையில் வாம்பயர்களுக்கு ஓர் அரசியல் உண்டு. மார்லோ என்பவன் திட்டமிட்ட வேட்டையை விசென்டே என்ற முதுவாம்பயர் வந்து கண்டிக்கிறான். மனிதர் தம்மை வெறுங்கதை என்று நம்பும்வரைதான் தமக்குப் பாதுகாப்பு என்பது அவன் வாதம். மார்லோவை அவனே கொல்கிறான். தடயம் அழிய ஊரை எரிக்கச் சொல்கிறான். படத்தில் விசென்டே இல்லை. அவனுடைய அச்சமும் முன்யோசனையும் மார்லோவிடமே சேர்க்கப்பட்டுள்ளன. நியூ ஆர்லியன்சில் நிகழும் கிளைக்கதையும் நீக்கப்பட்டது. மறுபுறம், வரைகதையில் இணக்கமாக வாழும் காவல் அதிகாரி ஈபனும் ஸ்டெல்லாவும் படத்தில் பிரிந்து வாழும் தம்பதியராகின்றனர். ஸ்டெல்லா ஊரைவிட்டுப் போகும் கடைசி வானூர்தியைத் தவறவிட்டு அங்கே சிக்குகிறாள். வாம்பயரின் பக்கம் மெலிந்து மனிதரின் பக்கம் கனத்திருக்கிறது. படத்தின் குருதிக்கோரம் யார் கையில் முடியப்போகிறது என்பதற்கான அடித்தளம் இங்கேயே இடப்பட்டுவிட்டது.

நிறத்தின் வேலை

திரைக்குருதி என்பது நிறவேதியியல் மட்டுமன்று. அது விழும் தளத்தையும் ஏற்கும் ஒளியையும் சார்ந்தது. ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ (1960) படக்குழு குளியலறைக் காட்சிக்குச் சாக்லேட் பாகைப் பயன்படுத்தியது. கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்புக்கு வேலையில்லை. அடர்த்தியும் வழியும் வேகமும் போதும். இரண்டாண்டுக்கு முன்னரே, 1958இல், டெரன்ஸ் ஃபிஷர் இயக்கிய ஹாமர் நிறுவனத்து ‘டிராகுலா’ வண்ணத்தில் வந்து, கல்லறைப் பெயர்ப்பலகைமேல் பளீரெனச் சொட்டும் செங்குருதியோடு தொடங்கியிருந்தது. அங்கே குருதி ஒரு நிறவிழா. அது மெய்யான குருதியைப் போல் இல்லை என்பது குறையன்று. கிறிஸ்டோபர் லீயின் கருஞ்சால்வைக்கும் வெளிர்முகத்துக்கும் அச்சிவப்பு தேவைப்பட்டது.

‘30 டேஸ் ஆஃப் நைட்’ இவ்விரண்டுக்கும் இடையில் தன் வழியைத் தேடியது. டெம்பிள்ஸ்மித்தின் ஓவியம் மங்கிய சாம்பல், பழுப்பு, நீலம் ஆகியவற்றில் தோய்ந்து, இடையிடையே குருதிக்கறை தெறிக்கும் இயல்புடையது. ஒளிப்பதிவாளர் ஜோ வில்லெம்ஸ் அதை ஒட்டி நிறச்செறிவைத் தணித்து ஒளியமைத்தார். நீலச்சாம்பல் இரவில் செம்மை ஓங்குவதில்லை. குருதி கருமைக்கு அருகில் செல்கிறது. பெருங்கொலைகள் நிகழும்போதும் திரை சிவந்துவிடாததால் கண் களைப்பதில்லை. குருதிக்கோரப் படங்களின் முதன்மையான தொழில்நுட்பச் சிக்கல் இதுதான்: முதல் கொலைக்கு நடுங்கும் கண் பத்தாவது கொலைக்குப் பழகிவிடும். அளவைக் கூட்டிக்கொண்டே போவது எளிய தீர்வு. அது விரைவில் நகைப்பில் முடியும். சிவப்பைச் சிறை வைப்பது இப்படம் கண்ட தீர்வு.

இதன் உச்சம், ஊர்த்தெருவின்மேல் நேர்செங்குத்தாகச் செல்லும் காட்சி. வாம்பயர்கள் முதன்முறை பெருந்திரளாகப் பாய்ந்து ஊரை அழிக்கும்போது, நிழற்படக்கருவி வீட்டுக்கூரைகளுக்கு மேலே நின்று, தெருவின் நீளத்தை வெட்டாமல் கடக்கிறது. கீழே ஓடுவோர், இழுக்கப்படுவோர், சுடுவோர், விழுவோர் அனைவரும் வெண்பனியில் சிற்றுருவங்கள். முகம் எவருக்கும் இல்லை. குருதி, தாளில் கொட்டிய மைபோலக் கறையாகக் கிடக்கிறது. படத்தில் மிகுதியான உயிர்கள் போகும் காட்சி இதுவாக இருந்தும், குருதிக்கோரம் என்று சொல்லத்தக்க அண்மைக்காட்சி இதில் ஒன்றும் இல்லை. வரைகதையின் பக்கத்தைத் திரை நினைவுகூரும் இடமும் இதுவே: பார்வையாளர் ஒரு வெள்ளைப் பரப்பைக் குனிந்து வாசிக்கிறார். கொல்வோருக்கும் சாவோருக்கும் ஒரே உருவளவு தரப்பட்டிருப்பதில் இரக்கமின்மை இருக்கிறது.

உடலும் ஒப்பனையும்

வாம்பயரின் உருவத்தை நியூசிலாந்தின் வெட்டா வொர்க்ஷாப் வடிவமைத்தது. நகர்ப்புற உடை, கரிய விழிகள், சுறாவை நினைவூட்டும் கூர்பற்களின் அடுக்கு, வாயைச் சுற்றித் துடைக்கப்படாத குருதி. இறுதியாகச் சொன்னது எளிய முடிவு. ஆயினும் விளைவில் பெரிது. பழைய திரைமரபில் வாம்பயர் உண்டபின் வாய் துடைத்துக்கொள்ளும் கனவான். இங்கே உணவு முகத்திலேயே உறைந்திருக்கிறது. விலங்குகளுக்கு உண்ட வாயைப் பற்றி நாணம் இல்லை. இரண்டு துளையிட்டு உறிஞ்சும் காதற்குறிப்பும் கைவிடப்பட்டது, கழுத்து கிழிக்கப்படுகிறது.

நோயல் கேரல் 1990இல் வெளியிட்ட தம் நூலில், கலைவழி வரும் திகிலுக்கு அச்சமும் அருவருப்பும் ஒருங்கே வேண்டும் என்றும், அரக்கன் ஊறு செய்பவனாக மட்டுமன்றித் தூய்மையற்றவனாகவும் இருக்க வேண்டும் என்றும் வரையறுத்தார். இதைத் தொல்காப்பிய மெய்ப்பாட்டியலோடு பொருத்தும் கட்டுரைகள் அச்சத்தையும் இளிவரலையும் எடுத்து, இளிவரலை அருவருப்புக்கு நேராக வைத்துவிடுகின்றன. அது விரைந்த முடிவு. இளிவரலுக்குத் தொல்காப்பியர் கூறும் நிலைக்களன்கள் மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்பன. அவை பிறிதொன்றைக் கண்டு முகஞ்சுளிப்பதைவிட, உடலின் தாழ்வையும் நொய்ம்மையையும் உணர்வதற்கு நெருக்கமானவை. வடமொழிச் சுவைக்கோட்பாட்டின் பீபத்சத்தை அதன்மேல் ஏற்ற வேண்டியதில்லை. அச்சத்துக்கு அவர் கூறும் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்ற நான்கனுள் முதல் மூன்றும் இவ்வாம்பயர்களின் வடிவமைப்பில் சேர்ந்திருப்பது நோக்கத்தக்கது. சாவைக் கடந்தமையால் அணங்கு. பல்லாலும் பாய்ச்சலாலும் விலங்கு. முன்னரே ஓர் ஆளை அனுப்பிக் கைப்பேசிகளை எரித்து, இழுநாய்களைக் கொன்று, உலங்கூர்தியைச் சிதைத்து, ஊரைத் துண்டித்தபின் நுழைவதால் கள்வர். தொல்காப்பியம் செய்யுளுக்கு வகுத்ததைத் திரைக்கு விதியாக்குவது இங்கு நோக்கமன்று. ஆனால் வாம்பயரை விலங்காக மட்டுமே காணும் விமரிசனம் இம்மூன்றாம் கூற்றைத் தவறவிடுகிறது. படத்தின் முதல் அரைமணி நேரத்து அச்சம் முழுவதும் கள்வரச்சம். அதில் குருதி மிகக் குறைவு.

இளிவரல் உரியது வாம்பயருக்கன்று, ஒளிந்திருப்போருக்கு. பரணில் முடங்கி, இரும அஞ்சி, வெளியே தூண்டிலிரையாக நடத்தப்படும் பெண்ணின் குரலைக் கேட்டும் போக முடியாமல் இருப்போரின் மெலிவு அது.

பரணி இலக்கியத்துப் பேய்கள் குருதியில் கூழ் அட்டுண்பதை இங்கு ஒப்பிடத் தோன்றலாம். அக்குருதி வென்ற வேந்தனின் புகழ். பேயின் பசி அவன் வீரத்துக்குச் சான்று. பேரோவில் சிந்தும் குருதிக்குப் பாட்டுடைத்தலைவன் எவனும் இல்லை. ஒப்புமை இத்துடன் நின்றுவிடுகிறது.

வாம்பயரின் மொழி

மொழியாய்வாளர்க்கு இப்படத்தில் சுவையான பகுதி வாம்பயர்களுக்கென உருவாக்கப்பட்ட மொழி. ஆக்லாந்து பல்கலைக்கழக மொழியியல் பேராசிரியர் ஒருவரின் துணையோடு அது ஆக்கப்பட்டது. எந்த நாட்டாரின் உச்சரிப்பையும் நினைவூட்டாத ஒலிகள், பெயரும் வினையுமாக அமைந்த மிக எளிய தொடர்கள், உண்ணலும் கொல்லலும் போன்ற வாம்பயர் தொழில்களைச் சுற்றிய சொற்கள் என்பன அதன் நெறி. தொண்டை ஒலிகளும் சொடுக்கொலிகளும் அதில் மிகுதி. இம்மொழி திரையில் துணையுரையோடு வருகிறது.

இவ்வேற்பாட்டால் மூன்று பயன்கள் விளைந்தன. முதலாவது, டிராகுலா மரபில் வந்த கிழக்கு ஐரோப்பிய உச்சரிப்பு நீங்கியது. அரக்கனை அயல்நாட்டானாக்கும் பழைய பழக்கமும் ஓரளவு உடன் நீங்கிற்று. இரண்டாவது, வேட்டையாடப்படுவோர் பேச்சால் தப்ப வழியில்லை என்பது செவிக்கே தெரிந்துவிடுகிறது. மூன்றாவது, துணையுரையை வாசிக்கும் பார்வையாளர், ஊரார்க்கு விளங்காததை விளங்கிக்கொள்கிறார். அந்த அறிவு அவரை வாம்பயரின் பக்கம் ஒரு கணம் நிறுத்துகிறது.

ஆயினும் முரண் ஒன்று எஞ்சுகிறது. நெடுங்காலம் வாழும் உயிர்களுக்கு இத்துணை வறிய மொழி ஏன்? டேனி ஹூஸ்டன் நடிக்கும் மார்லோவின் பேச்சு துணையுரையில் முதுமொழிபோல் ஒலிக்கிறது. செயலாலும் உணவாலும் மட்டும் ஆன சொற்கோவையில் அத்தகைய பொதுமைக் கருத்துகளைச் சொல்வது அரிது. மொழியை ஆக்கியோரும் உரையாடலை எழுதியோரும் வெவ்வேறு வாம்பயர்களை எண்ணியிருக்கிறார்கள் எனலாம். படம் இம்முரணைத் தீர்க்கவில்லை. ஆனால் ஓரிடத்தில் பயன்படுத்திக்கொள்கிறது. பிடிபட்ட பெண்ணொருத்தி கடவுளை அழைத்து அரற்றுகிறாள். மார்லோ அச்சொல்லைத் திருப்பிச் சொல்லிப் பார்க்கிறான். வானத்தை அண்ணாந்து தேடுகிறான். பிறகு அவளுடைய மொழியிலேயே இல்லையென்கிறான். மனிதமொழி அவனுக்குத் தெரியும். பேச வேண்டிய தேவை மட்டுமே இல்லாதிருந்தது என்பது அப்போது வெளிப்படுகிறது. அக்காட்சியில் அஞ்சத்தக்கது அவளது காயமன்று, அவன் தேடிப் பார்க்கும் அந்தச் சிறு நேரம். இறைஞ்சலைக் கேட்டு, அதைச் சரிபார்த்து, மறுக்கும் உயிருக்குத் தெய்வப்பெயர் இடலாகாது என முன்னர்க் கூறியது இதுபற்றியே.

கோடரியும் ஊசியும்

இப்படத்தில் வாம்பயர் தலை துண்டிக்கப்பட்டால்தான் உறுதியாகச் சாகும். இவ்விதி கதைக்காக மட்டும் வகுக்கப்பட்டதன்று. குருதிக்கோரத்தை மனிதர் கைக்கு மாற்றும் பொறி அது. வாம்பயரின் கொலை விரைவானது. கிழித்து உண்டு முடித்துவிடும். மனிதனோ கோடரியை ஓங்கி வெட்ட வேண்டும். வெட்டப்படுவதோ பலமுறையும் அறிமுகமானவர் உடல். கடையில் அகப்படும் வாம்பயர் ஒரு சிறுமி. கடிபட்டு மாறத் தொடங்கும் கார்ட்டர், இறந்த தன் குடும்பத்தாரைப் பிரிந்து என்றென்றும் வாழ நேருமோ என்றஞ்சித் தன்னைக் கொல்லுமாறு ஈபனை வேண்டுகிறான். துணைக்காவலர் பில்லி, வாம்பயர் கையில் படக்கூடாதென்று தன் மனைவி மக்களைத் தானே கொன்றவன். அவனும் ஒரு கையை இழந்து மாறத் தொடங்கும்போது அவனை வெட்டவேண்டியவன் ஈபனே. ஊரைக் காக்க வேண்டிய அதிகாரி ஊராரையே வெட்டிக்கொண்டிருக்கிறான். படத்தின் முற்பகுதியில் மேலே நின்று பார்த்த நிழற்படக்கருவி இப்போது தரைக்கு இறங்கி முகங்களுக்கு அருகில் வந்துவிட்டது. கொலைகளின் எண்ணிக்கை குறைகிறது, ஒவ்வொன்றும் நீள்கிறது. ஜாஷ் ஹார்ட்நெட்டின் நடிப்பு இங்கு வீரத்தைக் காட்டுவதில்லை. வேலை ஒன்றைச் செய்து முடிப்பவனின் சோர்வைக் காட்டுகிறது.

இந்தப் போக்கின் முடிவில் வருவது ஊசி. வாம்பயர்கள் எண்ணெயைப் பரப்பி ஊரை எரிக்கத் தொடங்குகின்றனர். ஸ்டெல்லாவும் ஒரு சிறுமியும் வெளியே வண்டியடியில் சிக்கியுள்ளனர். ஈபன் பில்லியின் உடலிலிருந்து எடுத்த நச்சுக்குருதியைத் தன் நரம்பில் ஏற்றிக்கொள்கிறான். தெருத்தெருவாகச் சிந்திய குருதிக்குப் பின் இங்கே ஊசிக்குழாய் கொள்ளுமளவே குருதி. அதுவும் சிந்தவில்லை, உள்ளே செல்கிறது. படம் முழுவதும் உடலிலிருந்து வெளியேறிய பொருள் முதன்முறையாகத் திரும்புகிறது. தெறிப்பு இல்லை, கிழிவு இல்லை; திரையரங்கில் முகந்திருப்பத்தக்கது எதுவுமில்லை. ஆனால் அதுவரை கண்ட தலைத்துண்டிப்புகள் எவற்றிலும் இல்லாத மீளாமை இச்செயலில் உள்ளது. தலை இழந்தோர் தம் விருப்பின்றி மாறியவர்; இவன் விரும்பி மாறுகிறான்.

அடுத்து வரும் மார்லோ-ஈபன் மோதல், மார்லோவின் வாய்வழியே ஈபனின் கை தலையைத் துளைத்து வெளிவருவதில் முடிகிறது. குருதிக்கோர மரபு எதிர்பார்க்கும் உச்சம் அது. ஆக்கத்திறன் உண்டெனினும் ஊசிக்காட்சிக்குப் பின் அது வெறும் கணக்குத் தீர்ப்பாகவே நிற்கிறது. அடுத்த ஆண்டு வெளிவந்த, தோமஸ் ஆல்ஃபிரெட்சன் இயக்கிய ‘லெட் த ரைட் ஒன் இன்’ என்ற சுவீடியப்படம் இதே பனியையும் குருதியையும் கொண்டு, உச்சக்கொலையை நீச்சல்குளத்து நீருக்கடியிலிருந்து பார்த்து, காட்டாமல் காட்டியது. ஸ்லேட் அவ்வாறு விலகவில்லை. அவர் எடுத்துக்கொண்ட வகைமை காட்டுவதையே கடமையாகக் கொண்டது. அதற்குரியதை அவர் செலுத்திவிட்டார்.

செலுத்தியபின் அவருக்கு ஒரு காட்சி எஞ்சுகிறது. முப்பது நாளுக்குப் பின் சூரியன் எழுகிறது. ஈபனும் ஸ்டெல்லாவும் அதை எதிர்நோக்கி அமர்ந்திருக்கின்றனர். அவள் அணைப்பிலேயே அவன் கருகிச் சாம்பலாகிறான். 1922ஆம் ஆண்டுப் படம் வகுத்த விதி இங்கு அரக்கனை அழிக்கவில்லை. தப்பியோர் அனைவரும் காத்திருந்த ஒளி, தம்மைக் காத்தவனையே எடுத்துக்கொள்கிறது. இக்காட்சியில் ஒரு துளிக் குருதியும் இல்லை.